தரையில் கற்க வேண்டிய பாடம்

மாணவர்களே! வான்குடை எனப்படும் பாரசூட்டைப் பற்றிப் பேசினால், “அது விரியாமல் போய்விட்டால்?” என்றுதான் முதலில் கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் காயமடைவது, குடை ஒழுங்காக விரிந்த பிறகு, தரையைத் தொடும் நொடியில்தான். அதிலும் முதலில் அடிபடுவது கணுக்கால்.

காரணம் என்ன? வட்ட வான்குடை ஒருவரை நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தில் இறக்குகிறது. வேகத்தின் வர்க்கம் = 2 × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் அல்லவா? முடுக்கத்தை 10 எனக் கொண்டால் உயரம் 1.8 மீட்டர். அதாவது, ஆளுயரச் சுவரிலிருந்து குதிப்பதற்கு இது சமம்.

கால்களை விறைப்பாக ஊன்றி 5 சென்டிமீட்டருக்குள் உடல் நின்றுவிட்டால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 36 மடங்காகும். முழங்காலைச் சற்றே மடக்கிப் பக்கவாட்டில் உருண்டு, 60 சென்டிமீட்டரில் நின்றால் 3 மடங்குதான். எனவேதான் பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என வரிசையாகத் தரையில் படும்படி உருளக் கற்பிக்கிறார்கள். பாதங்களும் முழங்கால்களும் சேர்ந்திருக்க வேண்டும். பார்வை அடிவானத்தில் இருக்க வேண்டும். கீழே பார்ப்பவரின் கால் தரையைத் தேடித் தானாகவே நீண்டு விறைத்துவிடும்.

இக்காலச் செவ்வக வான்குடைகளைத் தரையருகே கயிற்றை இழுத்து மெதுவாக இறக்க முடியும். ஆயினும், சற்று முன்னதாகவோ பிந்தியோ இழுத்துவிடும் புதியவருக்கு உருளத் தெரிந்திருப்பதே பாதுகாப்பு.

காற்றையும் மறக்கக் கூடாது. வட்டக் குடையில் இறங்கும்போது காற்றும் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசினால், தரையில் மோதும்போது உடலின் இயக்க ஆற்றல் இரு மடங்காகிறது.

ஆகவே, “துணிச்சல் இருந்தால் போதும்” என்பதை நான் ஏற்பதில்லை. தேசிய மாணவர் படையில் சேரும் உங்களில் சிலருக்கு, ஆக்ராவிலுள்ள விமானப்படைப் பயிற்சிப் பள்ளியில் குதிக்கும் வாய்ப்புக் கிட்டலாம். அங்கே விமானத்தில் ஏறுமுன் தரையில் திரும்பத் திரும்ப உருளச் சொல்வார்கள். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கால் தரையைத் தொடும்போது யோசிக்க நேரம் இருக்காது. உடல் பழகியதையே செய்யும். காற்று பலமாக வீசும் நாளில், “இன்று வேண்டாம்” என்று பயிற்சியாளர் சொன்னால் முணுமுணுக்காமல் திரும்புங்கள். அது கோழைத்தனம் அன்று. மேலே போட்ட கணக்கின் விடைதான் அது.