பெரிய ஃபியூஸ் கேட்காதீர்கள்

காஞ்சிபுரத்தில் கார் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என்னிடம் ஓயாமல் வரும் கோரிக்கை இது: "அண்ணே, ஃபியூஸ் அடிக்கடி போகுது. பெருசா ஒண்ணு போட்டு விடுங்க." முடியாது என்றால் சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும். பத்து ரூபாய்ச் சாமானுக்காக ஒரு குடும்பம் ஏறும் வண்டியைக் கொளுத்தும் வேலையை நான் செய்ய மாட்டேன்.

ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. விளக்கு போனால் வேறு வாங்கலாம். சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்கு உள்ளே ஓடும் ஒயர் சூடேறினால் புகை வரும்வரை யாருக்கும் தெரியாது.

கணக்கு எளிது. 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டு மாட்டினால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் போட்டால் விளிம்பிலேயே ஓடும், அடிக்கடி போகும். எனவே 15 ஆம்பியர் நீலம், அதற்கேற்ப 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயர். டேஷ் கேமராவுக்கு 3 ஆம்பியர் ஊதா தாராளம். நீலமும் போகிறதென்றால் எங்கோ ஒயர் வண்டியின் தகட்டைத் தொடும் பாடி டச் இருக்கிறது, அதைத் தேட வேண்டும். அங்கே 30 ஆம்பியர் பச்சையைச் செருகுவது தேடாமல் தப்பிக்கும் வழி.

15 ஆம்பியர் ஃபியூஸ் 16 ஆனதும் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. போகாது. பத்து சதவீதம் கூடுதலை மணிக்கணக்கில் தாங்கும். இரண்டு மடங்கு பாய்ந்தால்தான் ஐந்து விநாடிக்குள் அறுபடும். அப்படியானால் பச்சை ஃபியூஸ் 30 ஆம்பியரையும் நிம்மதியாக விடும். அரை சதுர மில்லிமீட்டர் ஒயரோ பத்துப் பதினோரு ஆம்பியருக்கே திணறும்.

ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்க சித்தூர் பக்கமிருந்து வந்த வேன் ஒன்று, காந்தி ரோட்டில் கருகல் வாடையோடு நின்றது. பேட்டரியிலிருந்து டிக்கி ஆம்ப்ளிஃபயர்வரை நேர் ஒயர். ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் புஷ் வைக்காமலே ஒயரை நுழைத்திருந்தார்கள். தகட்டின் விளிம்பு உறையை அறுத்து, செம்பு இழை பளபளவென்று தெரிந்தது. அந்த இடத்தில் ஷார்ட் ஆனால் பின்னால் இருக்கும் ஃபியூஸுக்குச் சேதியே போகாது. அதே ஒயரின் மறுகோடியில் கல்யாணப் பட்டு மொத்தமும் அடுக்கியிருந்தது. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

இத்தனைக்கும் நம் ஊருக்குப் பக்கத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோ ஆலை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஒயருக்கும் என்ன கனம், எத்தனை ஆம்பியர் என்று முடிவுசெய்து, ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். அந்த உழைப்பையெல்லாம் ஒரு மாலை வேளையில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வீணாக்கிவிடுகிறது.

பழியை டிரைவர் தம்பிகள் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. அம்பாசிடர் காலத்தில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வண்டியை வீடு சேர்த்தவர்களிடம்தான் பலர் தொழில் கற்றார்கள். இன்று வரும் ஃபாக் லேம்ப் பெட்டிகளோ பலவற்றில் வாட்டைக்கூட ஒழுங்காகச் சொல்வதில்லை. பேட்டரியோடு நேராக இணைக்கும் எதையும் ஃபியூஸ் ஹோல்டரும் சரியான ஃபியூஸும் இல்லாமல் விற்கவே கூடாது. எத்தனை ஆம்பியர், எவ்வளவு கனமான ஒயர் என்று பெட்டியின் மேல் தமிழில் இருக்க வேண்டும். வாடகை வண்டிகள் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வரும்போது ஹாரனையும் டயரையும் பார்க்கும் அதிகாரிகள், பானெட்டைத் தூக்கிப் பேட்டரி பிளஸ்ஸில் கூடுதலாகத் தொங்கும் ஒயர்களையும் பார்க்கட்டும். ஃபியூஸ் இல்லாத ஒயர் ஒன்று இருந்தாலும் சரிசெய்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும்.