விண்கல்லின் ஓசை

மாணவர்களே, விண்கல்லை ஆராய்வோர்க்குத் தொலைநோக்கி ஒன்றே துணை என்று நாம் எண்ணுகின்றோம். கண்ணுக்குத் தந்த அப்பெருமையைச் செவிக்கும் தருதல் வேண்டும் என்பது என் கருத்து.

1908 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள், சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றை அடுத்த காட்டின்மீது, விண்ணினின்று வந்த பொருளொன்று வெடித்தது. ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மரங்கள் சாய்ந்தன. கூலிக் என்னும் ருஷிய அறிஞர் அவ்விடத்தை ஆராயச் சென்று சேர்ந்ததோ 1927 இல். ஆனால் வெடித்த அன்றே இர்குத்ஸ்க் நகரத்து நில அதிர்வுமானி அந்நடுக்கத்தைக் கோடாக வரைந்து வைத்தது. இங்கிலாந்திலிருந்த காற்றழுத்தமானிகளும் காற்றில் வந்த அலைகளைப் பதிந்து வைத்தன. அவை துங்குஸ்காவினின்று வந்தவை என விப்பிள் என்பார் எடுத்துக்காட்டியது 1930 இல். கருவிகள் உள்ளதை உள்ளவாறு உரைத்தும், கேட்பாரின்றி அச்சான்று இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. பரண்மேல் கிடந்து செல்லரித்த ஏட்டுச்சுவடிகளை அறிந்த எனக்கு இதில் வியப்பில்லை, வருத்தமே உண்டு.

விரைந்து வரும் கல் காற்றைக் கிழித்து அதிர்ச்சியலையை எழுப்புகின்றது. அவ்வோசையில் நம் செவிக்குப் புலனாகும் பகுதி விரைவில் தேய்ந்து மறையும். நொடிக்கு 20 அதிர்வுக்குக் குறைந்த தாழொலியோ பல்லாயிரம் கிலோமீட்டர் செல்ல வல்லது. அலை தாக்கிய நிலமும் அதிரும். அவ்வலைகள் பல நிலையங்களை அடைந்த நேரங்களை ஒப்பிட்டு வெடித்த இடத்தையும், அலையின் இயல்பு கொண்டு வெடிப்பின் வலிமையையும் கணக்கிடுவர்.

2013 பிப்ரவரி 15 ஆம் நாள் ருஷியாவின் செல்யாபின்ஸ்க் நகரருகே வானில் வெடித்த கல் ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவினது. ஞாயிற்றின் திசையிலிருந்து வந்தமையால் எந்தத் தொலைநோக்கியும் அதனை முன்னர்க் காணவில்லை. அணுகுண்டுச் சோதனைகளை அறிய நிறுவப்பெற்ற தாழொலி நிலையங்களுள் 17 அதனைக் கேட்டன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 15,000 கிலோமீட்டருக்கு அப்பால், அண்டார்க்டிகாவில் உள்ளது!

“வெடித்தபின் கேட்டு என்ன பயன்?” எனச் சிலர் வினவலாம். இவ்வாறு கேட்டு அளந்து வைத்தால்தான், இத்தகைய கற்கள் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என மதிப்பிட இயலும். ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்னும் பாடமும் உயிர் காக்கும் பாடமே. செல்யாபின்ஸ்கில் ஒளி தோன்றி ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழிந்த பின்னரே அதிர்ச்சியலை வந்தது. அதற்குள் பலர் சன்னலருகே சென்று வேடிக்கை பார்த்து நின்றனர். காயமுற்றோர் ஏறத்தாழ 1,500 பேர். பெரும்பாலோர் கண்ணாடிச் சில்லுகளால் புண்பட்டவர். ஆங்கு ஒரு பள்ளி ஆசிரியை, ஒளியைக் கண்டவுடன் தம் மாணவர் 44 பேரையும் மேசைகளின்கீழ்ப் பதுங்கச் செய்தார். பிள்ளைகள் காயமின்றித் தப்பினர். நின்றுகொண்டிருந்த ஆசிரியையின் கையைக் கண்ணாடி வெட்டியது.