ஆட்சி செய்துகொண்டே படித்தவர்



ஷார்ஜாவுக்குப் புதிதாக வந்த எம்மவர் பலருக்கு, அந்த மண்ணை ஆளுகின்றவர் ஒரு வரலாற்று அறிஞர் என்பது தெரியாது. ஓ.எல். உடன் படிப்பு நின்றுபோய், தொழிற்சாலையில் மெஷினோடு நிற்கின்ற எம்மைப் போன்றவர்கள் அறிய வேண்டிய கதை இது.

ஷேக் சுல்தான் பின் முகம்மது அல் காசிமி 1939 இல் பிறந்தவர். கெய்ரோவில் விவசாயம் படித்து 1971 இல் பட்டம் பெற்றார். அந்த டிசம்பரில் உருவான அமீரகத்தின் முதல் கல்வி அமைச்சரும் இவரே. அடுத்த மாதம், ஆயுதம் ஏந்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் அண்ணன் ஷேக் காலித் கொல்லப்பட, ஷார்ஜாவின் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. 1987 இல் இன்னொரு சகோதரர் ஆட்சியைப் பறிக்க முயன்றார். சில நாட்களில் அது இவரிடமே திரும்பியது.

இத்தனைக்கும் நடுவில் படிப்பை விடவில்லை. 1985 இல் எக்ஸ்ரர் பல்கலைக்கழகத்திலும், அறுபதை எட்டும் வயதில் 1999 இல் டர்ஹாமிலும் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இவருடைய முன்னோரான காசிமிகளைக் கடற்கொள்ளையர் என்று சொல்லித்தான், 1809 இலும் 1819 இலும் பம்பாயிலிருந்து வந்த ஆங்கிலேயப் படை ராஸ் அல் கைமாவைத் தாக்கி அழித்தது. இதற்கு இவர் கூச்சல் போட்டுப் பதில் சொல்லவில்லை. பம்பாயில் கிடந்த கம்பனியின் கடுதாசிகளையே கிளறினார். வணிகத்தைப் பிடிக்கக் கட்டிய பழி இது என்று 1986 இல் புத்தகம் எழுதினார். அதை ஏற்காத ஆய்வாளரும் உண்டு. ஆனால் அவர்களும் ஆவணத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. 1982 இல் ஷார்ஜாவில் புத்தகக் கண்காட்சி தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் எமக்கு நெஞ்சு கனக்கின்றது. எம்மிடம் அரசும் இல்லை, ஆவணக்காப்பகமும் இல்லை. எம்மைப் பற்றி மற்றவர் எழுதுவதுதான் நாளை வரலாறாகுமா?

ஆகவே உறவுகளே, ஊரிலிருந்து வந்த கடிதம், பழைய படம், பிறப்புச் சான்றிதழ் எதையும் எறியாதீர்கள். அம்மம்மா சொல்லும் ஊர்க்கதையை, ஆண்டும் இடமும் போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகளைத் தமிழில் எழுத வையுங்கள். நவம்பரில் கண்காட்சி வரும்போது லீவு நாளில் அவர்களைக் கூட்டிச் செல்லுங்கள். உள்ளே போகக் காசில்லை.