கடலில் இட்ட குறிகள்

கடற்கரைப் பங்கொன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் பதினேழு ஆண்டுகளாகக் கடலுக்கு எடுத்துச்சென்ற கையடக்க ஜி.பி.எஸ். கருவியொன்று வீட்டில் இருக்கிறதாம். முழங்கால் நோவினால் கணவர் தொழிலை விட்டுவிட்டார். பிள்ளைகள் இருவரும் வள்ளத்திற்குப் பெரிய திரையுள்ள புதிய கருவி வாங்கிவிட்டனர். பழையதோ திரை மங்கி, பொத்தான்கள் தேய்ந்து, தேதியைக்கூடத் தவறாகக் காட்டுகிறது. அதை ஐந்நூறு ரூபாய்க்கு ஒருவர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா என்பதே கேள்வி. இது பல குடும்பங்களுக்குப் பொருந்தும் கேள்வியாகையால் இம்மாதம் இதையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் தேதியைப் பார்ப்போம். அதைக்கொண்டு கருவி கெட்டுவிட்டது என எண்ணவேண்டியதில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் காலத்தை வாரக் கணக்கில் அறிவிக்கின்றன. தொடக்கத்தில் வகுத்த முறைப்படி அக்கணக்கு 1,024 வாரங்கள் வரையே செல்லும். பின்னர் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 1999 ஆகஸ்டில் ஒருமுறையும் 2019 ஏப்ரலில் மறுமுறையும் அவ்வாறு சுழன்றது. இதற்கு ஆயத்தமாயிராத பழைய கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தங்கிய தேதியைக் காட்டுகின்றன. இடத்தைக் கணிப்பதில் பொதுவாக இதனால் பிழை நேர்வதில்லை. ஆனால் அக்கருவி சொல்லும் சூரிய உதயத்தையும் நிலவின் நிலையையும் நம்பலாகாது.

கருவி தன் இடத்தை எவ்வாறு அறிகிறது என்பதையும் சொல்லிவிடுவோம். அமெரிக்கப் பாதுகாப்புத்துறை 1978 முதல் ஏவத்தொடங்கிய செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. தான் இருக்கும் இடத்தையும் அந்நொடியின் நேரத்தையும் ஒவ்வொரு கோளும் ஓயாது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கையிலுள்ள கருவி குறைந்தது நான்கு கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, அவை வந்துசேர எடுத்த நேரத்தைக்கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. கேட்பது மட்டுமே அதன் வேலை. அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை. இந்த ஒன்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இக்கருவி வருமுன் குமரிக் கடற்கரையில் நம் முன்னோர் கணியம் பார்த்தே இடம் கண்டார்கள். கரையிலுள்ள கோவில் கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள மலைமுகட்டையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி பார்த்தல் ஒரு கணியம். வேறொரு திசையில் ஒரு தென்னந்தோப்பையும் குன்றையும் அவ்வாறே சேர்த்துப் பார்த்தல் மற்றொன்று. இரண்டு கோடுகளும் எங்கே சந்திக்கின்றனவோ, அதற்கு நேர் கீழே பார் இருக்கும். பாரில் கலவாயும் கணவாயும் கிடைக்கும். நில அளவையாளர் கருவிகளோடு செய்யும் வேலையைக் கட்டுமரத்தில் நின்றபடி வெறும் கண்ணால் செய்த மக்கள் அவர்கள்! கரை கண்ணுக்குத் தெரியும் வரை அது தவறியதில்லை. கரை மறைந்தபின், அல்லது மழை மூடியபின், அது உதவாது.

கையடக்கக் கருவிகள் 1989-லேயே விற்பனைக்கு வந்தன. ஆனால் அப்போது ஒன்றின் விலை சுமார் மூவாயிரம் டாலர். மேலும், பொதுமக்களுக்கான அறிவிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்திருந்தது. காட்டும் இடம் நூறு மீட்டர் வரை விலகும். பாரின்மேல் தூண்டில் இறக்குவதற்கும், பாரைத் தவறவிட்டு வெறும் மணலில் இறக்குவதற்கும் உள்ள வேறுபாடே அந்த நூறு மீட்டர்தான். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழையை நீக்கினார்கள். அதன் பின்னரே, விலையும் இறங்கிவர, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் இந்தச் சிறு பெட்டி ஒரு சாதாரண மீனவர் நம்பத்தக்க துணையாயிற்று. குமரிமுனைக்குத் தெற்கே வாட்ஜ் பாங்க் எனப்படும் மீன்வளம் மிக்க கடற்பரப்பிலும், கரையே தெரியாத ஆழ்கடலிலும், முன்பு கண்ட பாருக்கே மீண்டும் திரும்பிச்செல்ல அது வழிகாட்டியது.

நிற்க. அந்தச் சகோதரியின் வீட்டுப் பெட்டிக்குள் இருப்பது என்ன? அத்தகைய கருவிகள் பல 500 புள்ளிகள் வரை நினைவில் வைக்கக்கூடியவை. பதினேழு ஆண்டுகளில் அவர் கணவர் எங்கெங்கே மீன் கண்டாரோ, எங்கெங்கே வலை பாறையில் சிக்கிக் கிழிந்ததோ, எங்கே மூழ்கிய கப்பலின் உடைசல் கிடக்கிறதோ அத்தனையும் அதில் இருக்கக்கூடும். ஆனால் எவ்வாறு இருக்கின்றன? ஒரு பொத்தானை அழுத்தினால் கருவி தானாகவே 045, 046, 047 என்று எண்ணிட்டு வைத்துக்கொள்ளும். பெயர் எழுதவேண்டுமாயின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தவேண்டும். அலையில் ஆடும் வள்ளத்தில் ஈரக்கையோடு யார் அதைச் செய்வார்? ஆகவே 047 என்பது நல்ல கணவாய்ப் பாரா, வலையைக் கிழிக்கும் பாறையா என்பது கருவிக்குத் தெரியாது. முழங்கால் நோவோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் அந்த ஒரு மனிதருக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு சொல். நம் கடல் மக்கள் தாம் கண்ட பாரைப் பிறரிடம் சொல்வதில்லை. அண்ணன் தம்பியிடமும் மறைப்பதுண்டு. வேறொரு வள்ளம் அருகில் வந்தால் வலையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இதை நாம் குறை கூறமாட்டோம். உழைத்துக் கண்டதைக் காப்பது தொழிலுக்குரிய இயல்பு. ஆனால் அயலாரிடம் மறைப்பது வேறு, சொந்த மனைவி மக்களிடமும் மறைப்பது வேறு. தந்தை திடீரெனப் படுத்துவிட்டாலோ, கருவி கடலில் விழுந்துவிட்டாலோ, இருபது ஆண்டு உழைப்பு ஒரே நாளில் இல்லாமற்போகும். நிலம் வைத்திருப்பவர் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கிறார். பெட்டி எங்கே இருக்கிறது என்பதை வீட்டாருக்குச் சொல்லி வைக்கிறார் அன்றோ?

வீட்டாருக்குச் சொல்லவேண்டியதற்கு இன்னும் பாரமான காரணம் ஒன்றுண்டு. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலை ஒக்கிப் புயல் தாக்கியது. ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்யச் சென்றிருந்தவர்கள் புயல் எச்சரிக்கைக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தார்கள். கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாத தொலைவில் அவர்கள் இருந்தார்கள். தாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் கருவி பலரிடம் இருந்தது. அதைக் கரைக்குச் சொல்லும் கருவி இல்லை. கேட்கத்தான் தெரியும், சொல்லத் தெரியாது என்று மேலே எழுதினோமே, அதன் விலை அந்நாள்களில் தெரிந்தது. பங்குகளில் காணாமற்போனோரின் பட்டியல் எழுதியபோது, பெயரும் வயதும் படகும் எழுதமுடிந்தது. எத்திசையில், எத்தனை கடல் மைல் தொலைவில் என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பெண்கள் விடையின்றி நின்றார்கள். தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம் ஆண்களை இழந்தன.

அதன் பின்னர், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பத்தைக்கொண்டு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறவும் ஆபத்தில் செய்தி அனுப்பவும் கூடிய கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டுவருகின்றன. கிடைப்பவர்கள் அதைப் பொருத்தி, பழுதின்றி வைத்துக்கொள்ளட்டும். என்றாலும் சிறு வள்ளங்கள் பலவற்றில் ஜி.பி.எஸ். மட்டுமே இருக்கிறது. அவர்களைத் தேடவேண்டிய வேளையில், வழக்கமாகச் செல்லும் இடங்களின் பட்டியல் வீட்டில் இருப்பது எத்துணை உதவி!

ஆகவே சகோதரிக்கு நம் விடை: இப்போது கொடுக்கவேண்டாம். ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பிள்ளைகளில் ஒருவர் கருவியைப் பிடித்து ஒவ்வொரு புள்ளியாகப் படிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள், இன்ன இடம், இன்ன ஆழம், இன்ன மாதத்தில் இன்ன மீன், கரை தெரியும் இடமானால் அதன் கணியம் என்ன என்று உங்கள் கணவர் சொல்லிவரட்டும். ஒரு மாலையில் முடியாது. பத்து மாலை ஆகலாம். கருவியைப் பிடிக்கும் பிள்ளை அந்தக் கணியங்களையும் கற்றுக்கொள்வார். திரை அணைந்துபோகும் நாளில் அது கைகொடுக்கும்.

எண்களை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. 7 டிகிரி 52.30 நிமிடம் என்பது வேறு, 7 டிகிரி 52 நிமிடம் 30 விநாடி என்பது வேறு. முன்னதில் புள்ளிக்குப் பின்னாலுள்ளது நிமிடத்தின் நூற்றிலொரு பங்கு. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் 370 மீட்டர் தள்ளிப்போய் நிற்பீர்கள். எந்த முறையில் எழுதுகிறீர்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். பழைய கருவியும் புதிய கருவியும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் ஒரே அளவுமுறையில் இருக்கின்றனவா என்றும் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். இல்லாவிடில் நூறு மீட்டருக்கும் மேல் விலகக்கூடும்.

நாளைக்கென்று தள்ளவும் வேண்டாம். பென்சில் பேட்டரியை உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து செம்புத்தகட்டை அரித்துவிடும். கழற்றி வைத்தாலோ, சில பழைய கருவிகளில் மாதக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தால் நினைவிலுள்ளவை அழிந்துபோகும்.

எழுதி முடித்து, ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றைப் பிள்ளைகளிடமும் வைத்தபின் கருவியைக் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் உள்ளேயுள்ள புள்ளிகள் அனைத்தையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். அழித்த பின்பும் அந்த மனிதர் ஐந்நூறு ரூபாய் தருகிறாரா என்று பார்ப்போம்.