‘உடைந்த இதயம்’ தானே சரியாகும். அதற்குள் உறையும் ரத்தம்?

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி. இசிஜி மாறியிருக்கிறது, ட்ரோபோனினும் கூடியிருக்கிறது. ஹார்ட் அட்டாக் என்று ஆஞ்சியோ பார்த்தால் அடைப்பே இல்லை. “ஸ்ட்ரெஸ்ல வந்தது, சில வாரத்துல சரியாயிடும்” என்கிறார் டாக்டர். நிம்மதிதான். ஆனால் நீங்கள் கவனமாக இருக்க வேண்டியதே அந்தச் சில வாரங்களில்தான்.

என்ன நோய் இது?

பெயர் டகோட்சுபோ. 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் வைத்தது. ஆக்டோபஸ் பிடிக்கும் பானை என்று அர்த்தம். கடும் துக்கம், அதிர்ச்சி, பெரிய ஆபரேஷன் போன்ற நேரங்களில் அட்ரினலின் மாதிரியான ஹார்மோன்கள் எகிறும். அப்போது இதயத்தின் இடது கீழறை நுனி சுருங்காமல் பானைபோல உப்பிவிடுகிறது. 1,750 நோயாளிகளை வைத்து 2015-ல் வெளியான சர்வதேச ஆய்வில் சுமார் 90% பேர் பெண்கள். சராசரி வயது 67-ஐ ஒட்டி. அதாவது, நம் அம்மாக்களின் வயது.

ரத்தம் ஏன் உறைகிறது?

ஓடாத ரத்தம் உறையும். நுனி அசையாததால் அங்கே ரத்தம் தேங்கி, கட்டியாகலாம். நூறு நோயாளிகளில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இப்படி ஆகிறது. எண்ணிக்கை சின்னது, விளைவு அப்படியல்ல. கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். காலுக்கோ சிறுநீரகத்துக்கோ போனால் அங்கே ரத்த ஓட்டம் நிற்கும். இதயம் மீண்டும் சுருங்கத் தொடங்கும்போதே கட்டி பெயரவும் வாய்ப்பு உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதல் எக்கோவில் இல்லாத கட்டி, சில நாள் கழித்துத் தெரியலாம். அதனால் டிஸ்சார்ஜுக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘நுனியில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அடுத்த எக்கோ எப்போது?’

கட்டி இருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தருவார்கள். பொதுவாக, கட்டி கரைந்து இதய அசைவு திரும்பும் வரை, மூன்று மாதம் போல. மருந்து வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆர் டெஸ்ட்டும் அவசியம். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று அவர்களாக மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. கட்டி கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். ஏற்கெனவே என்ன மருந்து எடுக்கிறார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.