பலாலி ஓடுபாதையும் பிறர் காணியும்



நெளுக்குளத்திலிருந்து வைத்தியத்துக்காக இந்தியா செல்ல வேண்டுமானால், முன்பு முதலில் தெற்கே கட்டுநாயக்கவுக்குத்தான் போக வேண்டும். நோயாளிக்குப் பாதித் தெம்பு பாதையிலேயே போய்விடும். இன்று ஏ9 பாதையில் வடக்கே திரும்பினால் பலாலி இருக்கிறது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை. அல்ஹம்துலில்லாஹ்.

பலாலி புதிய இடமன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த விமானத் தளம் அது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து அவ்வழியாகவே சென்னைக்குப் பறந்தது. போர் எல்லாவற்றையும் மூடியது. 2019 ஒக்டோபர் 17இல் அது யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட் காலத்தில் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னைக்குச் சேவை ஆரம்பித்தது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் வழி திறந்தது.

வந்து போவது சிறிய விமானங்களே. பெரிய விமானம் இறங்க ஓடுபாதை நீள வேண்டும். ஓடுபாதை நீள நிலம் வேண்டும். அந்த நிலம் யாருடையது?

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்தவர்கள். அவர்களது வீடும் தோட்டமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் சென்றார்கள். பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. ஆனாலும் எல்லோரும் தம் வாசற்படியை மிதித்துவிடவில்லை.

சகோதரிகளே, இந்த வேதனை நமக்கு அந்நியமானதா? அதே 1990இன் ஒக்டோபர் 30இல்தான், இரண்டு மணி நேர அவகாசத்தில், யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வீட்டுச் சாவியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தவர்களின் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! காணி இழந்தவள் தமிழ்ச் சகோதரியானாலும் முஸ்லிம் சகோதரியானாலும் கண்ணீருக்கு ஒரே உவர்ப்புத்தான்.

பிறர் நிலத்தில் ஒரு சாணை அநியாயமாக எடுத்தவர், மறுமையில் ஏழு பூமிகளின் பாரத்தைக் கழுத்தில் சுமக்க நேரும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் உண்டு. தனி மனிதருக்குள்ள இந்த எச்சரிக்கை, ஆட்சி செய்வோருக்கு இல்லையா? விமான நிலையம் வளரட்டும். நமக்கும் அது தேவை. ஆனால் எடுக்கும் நிலத்துக்கு நியாயமான நட்டஈடும், எடுக்காத நிலத்துக்குத் திரும்பிப் போகும் வழியும் முதலில் கிடைக்கட்டும்.

நமக்கும் ஒரு பாடம் உண்டு. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை வேறோர் இடத்திலும் வையுங்கள். "அதெல்லாம் ஆண்கள் பார்ப்பார்கள்" என்றிராமல், எது யார் பெயரில் இருக்கிறதென்று அறிந்திருங்கள். சுவீகரிப்பு அறிவித்தல் ஒன்று வந்தால், அதில் குறித்த தவணைக்குள் எழுத்தில் உரிமை கோருங்கள்.

பலாலியில் விமானம் ஏறும்போது பயண துஆவுடன், அந்த மண்ணின் சொந்தக்காரருக்காகவும் ஒரு துஆ கேளுங்கள்.

வஸ்ஸலாம்.