குடும்ப நலம்: குழந்தையின் வாயில் வெண்மையா?

காரியாபட்டியில், தாய்வீட்டில் பேறுகால ஓய்விலிருக்கும் சகோதரி ஒருவர் எழுதுகிறார்: "என் குழந்தைக்கு நாற்பது நாள் ஆகிறது. நாக்கு வெள்ளையாக இருக்கிறது. பால் படிந்திருக்கிறது என்கிறார் அம்மா. இது அக்கரம், வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவு என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. யார் சொல்லைக் கேட்பது?"

சகோதரி, அம்மா சொல்வது சரியாக இருக்கலாம். பெரியம்மா சொல்லும் நோயும் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காரம் பச்சிளம் உடலில் சேர்ந்தால் வாந்தியும் வலிப்பும் உண்டாகலாம். தேனில் சில வேளைகளில் மறைந்திருக்கும் நுண்கிருமி வித்துகள், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். மலச்சிக்கல், மெலிந்த அழுகுரல், துவண்ட கழுத்து, மூச்சுத் தடை என்று அது முற்றும். பிறந்தவுடன் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தையும் இதே காரணத்தால் விட்டுவிட வேண்டும்.

இனி, வேறுபாட்டை அறியும் வழியைப் பார்ப்போம். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, பகல் வெளிச்சத்தில் குழந்தையின் வாயைப் பாருங்கள். வெண்மை நாக்கில் மட்டும் இருந்து, நனைத்த தூய துணியால் மெல்லத் துடைத்ததும் நீங்கினால் அது பால்தான். கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், ஈறு ஆகிய இடங்களிலும் தயிர்த்திட்டுப் போல ஒட்டியிருந்து, எளிதில் வராவிட்டால் அது வெண்புண். சுரண்டினால் அடியில் சிவந்து இரத்தம் கசியும், ஆகவே சுரண்டாதீர்கள்.

வெண்புண்ணுக்குக் காரணம் கேண்டிடா என்னும் பூஞ்சை. தாயோ சேயோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொண்ட பின்னர் இது பெருகுவதுண்டு. நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்தை மருத்துவர் தருவார்; அவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் இடவேண்டும். தாய்க்கு மார்புக் காம்பில் எரிச்சலோ வலியோ இருந்தால் அவருக்கும் உடன் சிகிச்சை தேவை. இல்லையேல் பூஞ்சை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறி மாறித் தொற்றும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. புட்டியும் ரப்பர்க் காம்பும் பயன்படுத்துவோர் அவற்றைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்யவேண்டும்.

மேலண்ணத்தின் நடுவே அரிசிக் குறுணை போன்ற வெள்ளை மணிகள் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். பிராகா நகர மருத்துவர் எப்ஸ்டீன் 1880இல் விவரித்த 'முத்துகள்' அவை. ஈறிலும் இவ்வாறு தோன்றலாம். சில வாரங்களில் தாமே மறையும். கிள்ளவோ குத்தவோ கூடாது.

அரிதாகச் சில குழந்தைகள் பல்லுடனேயே பிறக்கின்றன. அது தாய்மாமனுக்கு ஆகாது என்பது வெறும் மூடநம்பிக்கை. எனினும் பல் ஆடினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கழன்று மூச்சுக்குழலில் புகுந்துவிடக்கூடும்.

சற்று வளர்ந்த குழந்தைக்குக் காய்ச்சலுடன் வாயில் கொப்புளமும், உள்ளங்கை, உள்ளங்காலில் பருக்களும் வந்தால், அது பெரும்பாலும் கை கால் வாய் நோயாக இருக்கும். ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசிந்தால் அது வேறு வகைக் கிருமித் தொற்றாக இருக்கலாம். இரண்டையும் பல் முளைக்கும் தொல்லை என்றோ, அம்மை என்றோ எண்ணி வீட்டோடு இருந்துவிடாதீர்கள். வலியால் குழந்தை குடிக்க மறுத்து, உடலில் நீர் வற்றிப்போவதே இவற்றில் பேராபத்து.

பால் குடிக்க மறுத்தல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாமை, துவண்டு கிடத்தல், மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தாதீர்கள். காரியாபட்டியிலேயே அரசு மருத்துவமனை உண்டு. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது.

சகோதரி, பெரியம்மாவின் அன்பை மதியுங்கள். வெங்காரக் கிண்ணத்தை மட்டும் அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.